புல் பிடித்துத் தரும் சுருதி

கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கோயில் திருவிழாவில் நாதஸ்வரக்காரரின் அருகில் நின்று பாருங்கள். வாத்தியத்தின் மேல்முனையில் நூலில் கட்டிய சீவாளிகள் தொங்கும். காவிரிக்கரைக் கொறுக்கைப் புல்லைப் பதப்படுத்திச் செய்தவை அவை. ஒன்றை வாயில் வைத்து எச்சிலில் ஊறவிட்டு, ஊதிப் பார்த்து, சரிப்படவில்லை என்றால் அடுத்ததைச் செருகுவார். லண்டன் ஆர்க்கெஸ்ட்ராவில் ஓபோ என்ற ஊதுகருவியை வாசிப்பவரும் கச்சேரிக்கு முன் இப்படித்தான் இதழை நனைத்துக்கொள்கிறார். அதுவும் இரட்டை நாணல் இதழ்தான். நொடிக்கு 440 அதிர்வுள்ள ஒரு சுரத்தை அவர் பிடிக்க, வயலின், செல்லோ, எக்காளம் அத்தனையும் அதற்குச் சுருதி சேர்கின்றன. அவ்வளவு பெரிய கூட்டமும் நீரோரம் முளைத்த ஒரு புல்லுக்குக் கட்டுப்பட்டுத்தான் தொடங்குகிறது.

2025 மார்ச் 8 அன்று லண்டன் ஈவென்டிம் அப்பல்லோ அரங்கில் இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனியை, மிக்கேல் டாம்ஸ் நடத்த, ராயல் பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா வாசித்தது. பண்ணைப்புரத்தில் பிறந்து, திருவண்ணாமலை ரமணரிடம் மனதைக் கொடுத்தவர் எழுதிய இசை அது. அண்ணாமலையின் பக்கத்தில் வாழும் நமக்கு அதில் தனிப் பெருமை உண்டு. ஆனால் அதைவிடவும் என்னை மலைக்க வைப்பது, இப்படியொரு இசை பிறக்க ஏதுவாக இந்த உலகம் முன்பே படைக்கப்பட்டிருப்பதுதான்.

ஒரு தந்தியை மீட்டினால் அது முழு நீளத்துக்கும் அதிர்கிறது. அதே கணத்தில் பாதிப் பாதியாகவும், மூன்று பங்காகவும், ஐந்து பங்காகவும் தனக்குள் அதிர்கிறது. பாதியில் மேல் ஷட்ஜம் பிறக்கிறது, மூன்றில் பஞ்சமம், ஐந்தில் அந்தர காந்தாரம். தம்பூராவில் காந்தாரத்துக்கென்று தந்தி கிடையாது. இருந்தும் நன்றாகச் சுருதி சேர்ந்த தம்பூராவில் அது தானாகக் கேட்கும். சுயம்பு காந்தாரம் என்று வித்வான்கள் சொல்வது இதைத்தான். ஷட்ஜம், காந்தாரம், பஞ்சமம் மூன்றும் ஒன்றாக ஒலித்தால் மேற்கத்தியரின் மேஜர் கார்டு. பீத்தோவனின் ஐந்தாவது பியானோ கான்செர்ட்டோ தொடங்கும்போது ஆர்க்கெஸ்ட்ரா முழுவதும் எழுந்து முழங்குவது அந்தக் கார்டைத்தான். மனிதன் வரும் முன்பே அது தந்திக்குள் இருந்தது. அவன் கண்டெடுத்தான், அவ்வளவுதான்.

கேட்கும் செவியோ இன்னும் பெரிய அதிசயம். எத்தனை வாத்தியங்கள் முழங்கினாலும், காற்றில் கலந்து ஒரே அலையாகத்தான் செவிப்பறையை வந்து தட்டுகின்றன. உள்ளே நத்தை ஓடு போலச் சுருண்டு, ஒரு பட்டாணி அளவில் இருக்கிறது காக்ளியா. அதன் சுருளை நீட்டினால் சுமார் மூன்றரை சென்டிமீட்டர். அதில் சுமார் 15,000 மயிரிழைச் செல்கள் வரிசையாக நிற்கின்றன. அடிவாயில் உச்ச சுரங்களும் நுனியில் மந்திர சுரங்களும் பதிகின்றன. பியானோவின் 88 கட்டைகளுக்கும் அங்கே இடம் உண்டு. கலந்து வந்த அலையை அங்கே பிரித்து, இது குழல், இது செல்லோ என்று மூளை அறிந்துகொள்கிறது. நாம் யாரும் கேட்டு வாங்காத வரம் இது.

அந்த வரம் பீத்தோவனிடம் மெல்ல மெல்லக் குறைந்தது. முதல் நான்கு பியானோ கான்செர்ட்டோக்களையும் மேடையில் தானே வாசித்த அவர், 1811-இல் ஐந்தாவது லைப்சிக்கில் பொதுமேடை ஏறியபோது வாசிக்கவில்லை. பியானோவில் அமர்ந்தவர் வேறொருவர். அதற்குள் பீத்தோவனின் செவி மிகவும் மங்கியிருந்தது.

கோழிக்குச் செவிக்குள் இருக்கும் மயிரிழைச் செல்கள் செத்தால் மறுபடி முளைக்கின்றன. மனிதருக்கு முளைப்பதில்லை. பிறக்கும்போது கொடுத்ததுதான் ஆயுள் முழுக்க. பெருஞ்சத்தம் அவற்றைக் கொல்லும். ஆகவே கார்த்திகை தீபத்துக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது, ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன்னால் உட்கார வைக்காதீர்கள். நாதஸ்வரத்தையும் சற்றுத் தள்ளி உட்கார வைத்தே கேட்கச் செய்யுங்கள்.