ஏபிஎஸ் விளக்கு எரிந்தால் ஏபிஎஸ் யூனிட்தான் போய்விட்டதா?

போன டிசம்பரில் ஒரு மழை நாள். வேளச்சேரியில் கணுக்காலைத் தாண்டிய தண்ணீரில் காரை ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். மறுநாள் காலை ஸ்டார்ட் பண்ணி, தெருமுனை திரும்புவதற்குள் டாஷ்போர்டில் இரண்டு மஞ்சள் விளக்குகள். ஒன்று ஏபிஎஸ். இன்னொன்று, கார் சறுக்கிக்கொண்டு போவது மாதிரி படம் போட்ட டிராக்‌ஷன் கன்ட்ரோல் விளக்கு. நாலு நாளில் அப்பா அம்மாவோடு ஏற்காடு போவதாக ஏற்பாடு. இருபது கொண்டை ஊசி வளைவு, அதுவும் மழையில்.

ஒர்க்‌ஷாப்பில் ஒருவர் விளக்கைப் பார்த்துவிட்டு, "ஏபிஎஸ் யூனிட் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்றார். தொகை நாற்பதாயிரத்துக்கு மேல். யோசிச்சு சொல்றேன்னு வண்டியை எடுத்துக்கிட்டு வந்துட்டேன். அந்த நாலு நாளில் படித்ததும் செய்து பார்த்ததும்தான் இந்தப் பதிவு.

முதலில், ஏபிஎஸ் என்ன செய்கிறது? சடன் பிரேக் அடிக்கும்போது சக்கரம் அப்படியே நின்றுபோனால் டயர் தேயும், வண்டி சறுக்கும், ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் திரும்பாது. அதைத் தடுக்க, நிற்கப் போகிற சக்கரத்தின் பிரேக் அழுத்தத்தை மட்டும் வினாடிக்குப் பல முறை விட்டுவிட்டுப் பிடிக்கிறது. பாஷ் நிறுவனத்தின் எலக்ட்ரானிக் ஏபிஎஸ் 1978-ல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காரில் வந்தது. இந்தியாவில் 2019 ஏப்ரலிலிருந்து புதிய கார்கள் எல்லாவற்றிலும் கட்டாயம்.

எந்தச் சக்கரம் நிற்கப் போகிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு வேக சென்சார் இருக்கிறது. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் பல் வளையத்தையோ காந்த வளையத்தையோ அது எண்ணிக்கொண்டே இருக்கும். டிராக்‌ஷன் கன்ட்ரோலும் இதே நாலு சென்சாரைத்தான் நம்பியிருக்கிறது. ஒரு சக்கரம் மட்டும் வேகமாகச் சுற்றினால், அது வழுக்குகிறது என்று எஞ்சின் சக்தியைக் குறைக்கும். ஆகவே ஒரு சென்சார் பேசாமல் போனால் இரண்டு விளக்கும் சேர்ந்தே எரியும். இரண்டு விளக்கு என்றால் இரண்டு கோளாறு என்று பயப்பட வேண்டாம்.

ஓட்டலாமா, கூடாதா?

மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு மட்டும் என்றால், சாதாரண பிரேக் வழக்கம்போல் பிடிக்கும். ஆனால் பலமாக அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொள்ளலாம். இடைவெளி விட்டு, மெதுவாக ஓட்டி ஒர்க்‌ஷாப் வரை போகலாம். மலைப் பாதையும் மழையும் வேண்டாம்.

கூடவே சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்தால் கதை வேறு. ஹேண்ட் பிரேக் முழுசாக இறங்கியிருக்கிறதா, பிரேக் ஆயில் அளவு சரியா என்று உடனே பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் எரிகிறது என்றால் வண்டியை எடுக்காதீர்கள். முன்பின் சக்கரங்களுக்கு பிரேக் விசையைப் பிரித்துத் தரும் ஏற்பாடும் சேர்ந்து நின்றிருக்கலாம்.

டிராக்‌ஷன் விளக்கு ஓடும்போது மின்னி மின்னி மறைந்தால் அது கோளாறே இல்லை. வேலை செய்கிறேன் என்று சொல்கிறது, அவ்வளவுதான். தொடர்ந்து எரிந்தால்தான் பிரச்சினை. அதற்கு முன் அதை அணைக்கும் பட்டனில் யார் கையாவது பட்டதா என்றும் பார்த்துவிடுங்கள்.

எப்படித் தேடுவது?

என்னிடம் இருந்த மலிவான புளூடூத் ஓபிடி கருவி "கோளாறு எதுவும் இல்லை" என்றது. ஏனென்றால் அந்த மாதிரி கருவிகள் பெரும்பாலும் 'பி'யில் தொடங்கும் எஞ்சின் கோடுகளை மட்டுமே படிக்கும். பிரேக் கோடுகள் 'சி'யில் தொடங்கும். ஏபிஎஸ் படிக்கத் தெரிந்த ஸ்கேனர் வேண்டும். நண்பரிடம் கடன் வாங்கினேன். சி0045 என்று வந்தது: பின் இடது சக்கரத்தின் வேக சென்சார்.

இங்கேதான் நம்ம தொழில் புத்தி உதவியது. லாக்கில் வரும் எரர், பிழை எங்கே தெரிந்தது என்றுதான் சொல்லும். எங்கே பிறந்தது என்று சொல்லாது. இந்தக் கோடுக்கும் அர்த்தம் "அந்தச் சக்கரத்திலிருந்து எனக்குச் சரியான தகவல் வரவில்லை" என்பது மட்டுமே. சென்சார் கெட்டிருக்கலாம், ஒயர் அறுந்திருக்கலாம், வளையம் விரிசல் விட்டிருக்கலாம், வீல் பேரிங் ஆட்டம் கண்டு இடைவெளி மாறியிருக்கலாம். கோடைப் பார்த்ததும் பாகத்தை மாற்றுவது, ஸ்டாக் டிரேசின் முதல் வரியைப் பார்த்துவிட்டு சர்வரையே மாற்றுகிற மாதிரி.

அடுத்து லைவ் டேட்டா. நண்பர் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்க்க, காலித் தெருவில் மெதுவாக ஓட்டினேன். மூன்று சக்கரங்கள் 15, 16 என்று காட்ட, பின் இடது மட்டும் பூஜ்யத்துக்கும் பதினைந்துக்கும் நடுவே குதித்தது. முழுசாகச் செத்திருந்தால் எப்போதும் பூஜ்யம்தான் வரும். விட்டுவிட்டு வருகிறது என்றால் கனெக்‌ஷன் லூஸ் என்று சந்தேகப்படலாம்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய வகை சென்சார் வெறும் காயில். ஓம் அளந்தால் பெரும்பாலும் சில நூறிலிருந்து 2,000 வரை காட்டும். புதிய வகையின் உள்ளே சிப் இருக்கிறது. அதை ஓம் அளந்து முடிவு செய்ய முடியாது. இரண்டுக்குமே பெரும்பாலும் இரண்டு ஒயர்தான், பார்வையில் வித்தியாசம் தெரியாது.

காரை ஜாக் போட்டுத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றினேன் (ஜாக்கை மட்டும் நம்பி உள்ளே கை விடவே கூடாது). பேரிங்கில் ஆட்டம் இல்லை. சென்சார் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால் மட்கார்டு உள்ளே ஒரு பிளக். கழற்றினால் உள்ளே பச்சைப் பச்சையாகக் களிம்பு, கூடவே ஈரம். அந்த பிளக்கின் ரப்பர் சீல் எப்போதோ கிழிந்திருக்கிறது. தண்ணீர் புகுந்தது இப்போது.

கான்டாக்ட் கிளீனர் அடித்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, காயவைத்து, சீலை மாற்றி மாட்டினேன். கோடை அழித்துவிட்டு ஓட்டினேன். நாலு சக்கரமும் ஒரே எண் காட்டின. இரண்டு விளக்கும் அணைந்தன. மொத்தச் செலவு ஐந்நூறு ரூபாய்க்குள்.

எல்லோருக்கும் இப்படியே முடியும் என்று சொல்லவில்லை. யூனிட்டே கெட்டுப்போவதும் உண்டு. பிரேக் விஷயத்தில் சந்தேகம் இருந்தால் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுப்பதே நல்லது. ஆனால் "யூனிட் போச்சு" என்று யாராவது சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்: என்ன கோடு வந்தது? லைவ் டேட்டாவில் எந்தச் சக்கரம் தப்பாகக் காட்டுகிறது? பிளக்கைக் கழற்றிப் பார்த்தீர்களா?

ஏற்காடு போய் வந்தாச்சு. போகும்போது பதினான்காவது வளைவு வரை நான் டாஷ்போர்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அம்மா இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.