அழிக்கக் கூடாத 256 கேபி

லிங்க்சிஸ் நிறுவனம் 2004ஆம் ஆண்டு என்.எஸ்.எல்.யு.2 என்ற சிறு பெட்டி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்புறம் இரண்டு யூ.எஸ்.பி. போர்ட், ஒரு நெட்வொர்க் போர்ட், அவ்வளவுதான். யூ.எஸ்.பி. ஹார்டு டிஸ்க்கைச் செருகிவிட்டால், வீட்டிலுள்ள எல்லாக் கணினிகளும் அதைப் பொதுவில் பயன்படுத்தலாம். நிறுவனம் விற்றது இதற்காகத்தான்; வாங்கிய பலர் செய்ததோ வேறு.

பெட்டிக்குள் ஓடியது லினக்ஸ். அதன் ஜி.பி.எல். உரிமத்தின்படி மூலநிரல் வெளியிடப்பட, ஆர்வலர்கள் வேலையைத் தொடங்கினார்கள். ‘ஸ்லக்’ என்று செல்லப்பெயர் சூட்டி, அன்ஸ்லங், ஓபன்ஸ்லக் என்று மாற்று ஃபார்ம்வேர்களை எழுதினார்கள். 2007 ஏப்ரலில் வெளியான டெபியன் 4.0-ஐ நேரடியாகவே இந்தப் பெட்டியில் நிறுவ முடிந்தது. கோப்புகளைப் பகிர மட்டும் பிறந்த பெட்டி, வெப் சர்வராகவும் பிரிண்ட் சர்வராகவும் மாறியது.

சிறிது காலம் கழித்துச் சிலருக்குப் பழையபடியே இருந்தால் தேவலை என்று தோன்றும். 32 எம்பி ரேமில் டெபியன் திணறலாம். பெட்டியை விற்க வேண்டியிருக்கலாம். வீட்டில் மற்றவர்களுக்குப் பழைய ஃபார்ம்வேரின் எளிய இணையப் பக்கம் இருந்தால் போதும் என்றாகலாம். ஆனால், பழைய ஃபார்ம்வேர்தான் அழிந்துவிட்டதே? அதை மீண்டும் எழுத யார் உதவுவார்கள்?

ஃபிளாஷுக்குள் என்ன இருக்கிறது?

இந்தப் பெட்டியின் ஃபிளாஷ் நினைவகம் 8 எம்பி. அது 128 கேபி அளவுள்ள 64 தொகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. ஃபிளாஷில் எழுதுவது என்றால், 1 ஆக இருக்கும் பிட்டை 0 ஆக்குவதுதான். 0-வைத் திரும்ப 1 ஆக்க வேண்டுமானால், அந்த ஒரு பிட்டை மட்டும் தொட முடியாது. தொகுதி முழுவதையும் அழித்தாக வேண்டும். அழித்த பின், எழுதி முடிப்பதற்குள் மின்சாரம் போனால் அந்த இடத்தில் பழையதும் இருக்காது, புதியதும் இருக்காது.

ஆகவே எந்தத் தொகுதியில் என்ன இருக்கிறது என்பது முக்கியம். முதல் இரண்டு தொகுதிகளில், அதாவது 256 கேபியில், ரெட்பூட் என்ற பூட்லோடர் இருக்கிறது. மின்சாரம் வந்ததும் முதலில் விழிப்பது இதுதான். மூன்றாவது தொகுதியில் ஐ.பி. முகவரி போன்ற அமைப்புகள். அதற்கடுத்து லினக்ஸ் கெர்னலும் மற்ற கோப்புகளும். கடைசித் தொகுதியில் இவை எங்கெங்கே இருக்கின்றன என்ற அட்டவணை.

மாற்று ஃபார்ம்வேரை முறைப்படி ஏற்றும்போது கெர்னலும் அதைச் சார்ந்த கோப்புகளும்தான் மாறுகின்றன. ரெட்பூட் அப்படியே இருக்கும். திரும்பும் வழி திறந்தே இருப்பது இதனால்தான். ஏறிய ஏணியை எட்டி உதைக்காதவரை இறங்கிவிடலாம்.

ஊசியும் விளக்கும்

முதலில் ஹார்டு டிஸ்க்குகளைக் கழற்றிவிட வேண்டும். பின்புறம் உள்ள ரீசெட் துளைக்குள் பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி நுழைத்து, அழுத்திப் பிடித்தபடியே பவர் பட்டனைத் தட்ட வேண்டும். முன்புற விளக்கு மஞ்சளாக எரியும். சில நொடிகளில் அது சிவப்பாக மாறும். மாறிய கணமே கிளிப்பை எடுத்துவிட வேண்டும். விளக்கு சிவப்பும் பச்சையுமாக மாறி மாறி மின்னினால், ரெட்பூட் லினக்ஸை எழுப்பாமல் புதிய ஃபார்ம்வேருக்காகக் காத்திருக்கிறது என்று பொருள்.

இந்த நிலையில் பெட்டிக்கு ஐ.பி. முகவரி தேவையில்லை. அதே நெட்வொர்க் சுவிட்சில் இணைந்த கணினியில் அப்ஸ்லக்2 என்ற சிறு நிரலை இயக்கினால், அது ஈதர்நெட் பொட்டலங்களை நேராகப் பெட்டியின் மேக் முகவரிக்கு அனுப்பிப் பேசும். லிங்க்சிஸின் அசல் ஃபார்ம்வேர் கோப்பைக் கொடுத்ததும் திரையில் ஒரு வரிசை எழும். புள்ளி என்றால் பழைய உள்ளடக்கம். ஆச்சரியக்குறி என்றால் அழிபடுகிறது. சிறுகோடு என்றால் அழிந்துவிட்டது. சின்ன ‘யு’ எழுதப்படுவதையும் பெரிய ‘யு’ எழுதி முடிந்ததையும் காட்டும். சின்ன ‘வி’ வந்தால் எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கிறது. பெரிய ‘வி’ வந்தால் சரியாக இருக்கிறது. வரிசை முழுதும் பெரிய ‘வி’ ஆகும்வரை மின்சாரத்தில் கை வைக்கக் கூடாது. அப்படியே நடுவில் கரண்ட் போனாலும் ரெட்பூட் பத்திரமாக இருப்பதால், கிளிப்பை எடுத்து மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம்.

திரும்பிய பிறகு

இரண்டு விஷயங்கள் பலரைக் குழப்பும். ஒன்று, முகவரி. பெட்டியின் ஆலை முகவரி 192.168.1.77. ஆனால், அமைப்புகள் உள்ள மூன்றாவது தொகுதியை அப்ஸ்லக்2 வழக்கமாகத் தொடுவதில்லை. எனவே முன்பு வேறு முகவரி வைத்திருந்தால், அந்த முகவரியில்தான் பெட்டி எழுந்து நிற்கும். 77-இல் பதில் இல்லையென்றால் முயற்சி தோற்றது என்று முடிவுகட்ட வேண்டாம்.

இரண்டாவது, ஹார்டு டிஸ்க். அசல் ஃபார்ம்வேர் ஒரு டிஸ்க்கைத் தன் பாணியில் மூன்று பகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கும்: தரவுக்குப் பெரியது, தன் அமைப்புகளுக்குச் சிறியது, ஸ்வாப்புக்கு இன்னொன்று. டெபியன் பிரித்த டிஸ்க்கை அது தன்னுடையதாக ஏற்காது. ஃபார்மேட் செய் என்று கேட்கும் பட்டனை அவசரத்தில் அமுக்கினால் படங்களும் ஆவணங்களும் போயின. டிஸ்க்கை ஒரு லினக்ஸ் கணினியில் செருகி, எல்லாவற்றையும் நகலெடுத்த பிறகே அந்தப் பட்டன் பக்கம் போக வேண்டும்.

ரெட்பூட்டே அழிந்தால்?

லினக்ஸுக்குள் இருந்தபடி தவறான பகுதியின் மேல் எழுதும் ஒரு கட்டளை போதும், ரெட்பூட் காணாமல் போய்விடும். பிறகு கிளிப்பும் உதவாது, அப்ஸ்லக்2வும் உதவாது; மின்சாரம் வந்தாலும் எழுப்புவதற்கு உள்ளே ஆளில்லை. மிஞ்சும் வழி ஜேடேக். சர்க்யூட் போர்டுகளைச் சோதிப்பதற்காக 1990இல் தரப்படுத்தப்பட்ட இந்த இணைப்பின் வழியே செயலியைக் கட்டுப்படுத்தி, ஃபிளாஷில் எழுதலாம். அதற்குப் பெட்டியைத் திறந்து, சால்டரிங் செய்து கம்பிகளை இணைக்க வேண்டும்.

அப்போதும் ஒரு சிக்கல் இருக்கிறது. பெட்டியின் மேக் முகவரி அந்த 256 கேபிக்குள்தான் பதிந்திருக்கிறது. வேறொருவர் பெட்டியிலிருந்து ரெட்பூட்டை அப்படியே நகலெடுத்து எழுதினால், அவருடைய மேக் முகவரியும் கூடவே வந்துவிடும். ஒரே நெட்வொர்க்கில் அந்த இரண்டு பெட்டிகளும் இருந்தால் மோதிக்கொள்ளும். லிங்க்சிஸ் தன் தளத்தில் வெளியிட்ட ஃபார்ம்வேரை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ள முடிந்தது; உங்கள் பெட்டியின் முதல் இரண்டு தொகுதிகள் உங்கள் பெட்டியில் மட்டுமே உள்ளன.

என்.எஸ்.எல்.யு.2-வின் விற்பனை 2008இல் நின்றது. அதன் பின் வந்த க்யூநாப் டிஎஸ்-219 போன்ற பெட்டிகளிலும் இதே ஏற்பாடுதான்: பூட்லோடர் தனியே இருக்கும், ரீசெட் பட்டனைப் பிடித்து இயக்கினால் அசல் ஃபார்ம்வேரை நெட்வொர்க் வழியே வாங்கிக்கொள்ளும். பெட்டி எதுவானாலும், மாற்று ஃபார்ம்வேரை ஏற்றுவதற்கு முன் முழு ஃபிளாஷையும் படித்து வேறொரு கணினியில் சேமித்துவிடுங்கள். ஸ்லக்கைப் பொறுத்தவரை அது வெறும் 8 எம்பி கோப்பு. கைபேசியில் எடுக்கும் இரண்டு மூன்று படங்களின் இடம்கூட அதற்குத் தேவைப்படாது.