கருவாடு ஊறும் சட்டியில் உயிரோடு ஒரு மீன்

கருவாட்டைக் குழம்பில் போடும் முன் தண்ணீரில் ஊறவைப்போம். நெத்திலியை அலசினாலே போதும். தடித்த வஞ்சிரத் துண்டுக்கு அரை மணி நேரமாவது வேண்டும். அவசரமென்றால் வெந்நீர். உப்பு வெளியே வரும், தண்ணீர் உள்ளே போகும், விறைத்துக் கிடந்த துண்டு உப்பித் தளரும். ஊறிய தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும்.

ஆற்றுமீனும் குளத்துமீனும் ஆயுள் முழுக்க இந்தச் சட்டிக்குள்தான் வாழ்கின்றன. நன்னீர் மீனின் இரத்தத்தில் கடல்நீரின் உப்பில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இருக்கிறது. சுற்றியுள்ள தண்ணீரிலோ பெயருக்குத்தான் உப்பு. அதனால் நொடிக்கு நொடி உப்பு கசிகிறது, தண்ணீர் ஏறுகிறது. ஏறிய தண்ணீரை மீன் நீர்த்த சிறுநீராக இறைத்துத் தள்ளிக்கொண்டே இருக்கும். கசிந்த உப்பைச் செவுளிலுள்ள சிறப்புச் செல்கள் ஆற்றலைச் செலவழித்து, வெளித் தண்ணீரிலிருந்து சோடியமும் குளோரைடுமாகப் பொறுக்கி உள்ளே இழுக்கும். செத்த கருவாட்டால் முடியாத வேலை இது. உயிர் என்பதே இங்கே உப்பைத் திரும்பப் பிடிக்கும் திறமைதான்.

கசிவது எங்கே? தோலிலும் செதிலிலும் அதிகமில்லை. செவுளில்தான். சந்தையில் மீன் வாங்கும்போது மூடியைத் தூக்கிச் சிவப்பாக இருக்கிறதா என்று பார்க்கிறோமே, அந்த இடம். அந்தச் சிவப்பு இதழ்களில் இரத்தத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே உள்ள சுவர் காகிதத்தை விடப் பல மடங்கு மெல்லியது. அவ்வளவு மெல்லியதாக இருந்தால்தான் ஆக்சிஜன் உள்ளே வரும். அதே காரணத்தால்தான் உப்பும் வெளியே போகும். மூச்சுக்கும் உப்புக்கும் ஒரே வாசல். நீர் சூடாவது ஒரு தொல்லை, அமிலமாவது வேறொரு தொல்லை என்று பிரித்து எழுதுவது வழக்கம். மீனுக்கு இரண்டும் இந்த ஒரே வாசலில் வந்து நிற்கின்றன.

முதலில் சூடு. 20 டிகிரி செல்சியஸ் நன்னீர் ஒரு லிட்டரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான். மீன் குளிர் இரத்தப் பிராணி. நீர் 10 டிகிரி ஏறினால் அதன் உடல் ஆக்சிஜன் கேட்பது ஏறக்குறைய இரட்டிப்பாகும். வரவு குறைகிற நேரத்தில் செலவு ஏறுகிறது. மீன் என்ன செய்யும்? செவுள் மூடியை வேகமாக அடிக்கும், இதழ்களுக்கு இரத்தத்தை அதிகமாகத் திருப்பிவிடும், வாசலை அகலத் திறக்கும். திறந்தால் உப்பு வேகமாகக் கசியும். அவசரத்துக்கு வெந்நீரில் போட்ட கருவாட்டின் கதைதான். கசிந்ததை மீட்க இன்னும் ஆற்றல் வேண்டும், அதற்கும் ஆக்சிஜன் வேண்டும்.

இந்தக் கணக்கைச் சமாளிப்பதில் ஐரோப்பாவின் குருசியன் கெண்டை கெட்டிக்காரன். குளிர்ந்த, ஆக்சிஜன் நிறைந்த நீரில் அது செவுள் இதழ்களின் இடைவெளியைச் செல்களால் அடைத்தே வைத்திருக்கும். ஆக்சிஜன் குறைந்தால் சில நாட்களில் அந்த அடைப்பைக் கரைத்துவிடும்; மூச்சு வாங்கும் பரப்பு ஏழு மடங்குக்கு மேல் விரியும். நீர் சூடானாலும் இதையே செய்யும். ஆக்சிஜன் குறையும்போது நடக்கும் இந்த மாற்றத்தை யோருண்ட் சோலிட்டும் யோரன் நில்சனும் அவர்கள் குழுவினரும் 2003இல் காட்டினார்கள். தேவையில்லாதபோது வாசலைச் சாத்திவைப்பது உப்பை மிச்சப்படுத்தத்தான் என்று கருதப்படுகிறது.

இனி அமிலம். பிஎச் அளவில் ஒரு படி இறங்கினால் ஹைட்ரஜன் அயனி பத்து மடங்கு கூடும். பிஎச் 7 நீரை விட பிஎச் 4 நீரில் அது ஆயிரம் மடங்கு. செவுளின் செல்கள் ஒன்றோடொன்று இறுக ஒட்டி நிற்கக் கால்சியம் துணை செய்கிறது. ஹைட்ரஜன் அயனிகள் பெருகினால் கால்சியத்தை விலக்கிவிடும். சந்துகள் திறந்து சோடியம் ஒழுகும். இதோடு நின்றால்கூடத் தேவலை. சோடியத்தை உள்ளே இழுக்க, செல்கள் ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளியாக வேண்டும். வெளியில் ஏற்கெனவே நெரிசல். எனவே கசிவு கூடுகிற அதே வேளையில் மீட்பும் முடங்குகிறது. உப்பு மிகவும் குறைந்தால் இரத்தத்தின் நீர்ப்பகுதி சுருங்கி, இரத்தம் கெட்டியாகி, இதயம் தள்ள முடியாமல் மீன் சாகும். பெரும்பாலான மீன்கள் பிஎச் 4ஐத் தாங்காததற்குக் காரணம் இதுதான்; அமிலம் உடம்பை அரித்து அவை சாவதில்லை.

ஆனால் பிரேசிலின் ரியோ நெக்ரோ ஆறு இயற்கையாகவே பிஎச் 4, 5 என்று ஓடுகிறது. இலைதழை ஊறிய கறுத்த தண்ணீர். உப்பும் கால்சியமும் மழைநீர் அளவுக்குத்தான். நம் ஊர் வண்ணமீன் கடைகளில் நீலமும் சிவப்புமாகத் திரியும் கார்டினல் டெட்ரா அந்த ஆற்று மீன். அதன் செவுள் அவ்வளவு அமிலத்திலும் சோடியத்தை இழுக்கும். கறுப்பு நீரில் கரைந்திருக்கும் இலைச்சாறும் செவுளில் படிந்து கசிவைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தொட்டியில் காய்ந்த வாதாமர இலையைப் போடும் மீன் வளர்ப்போர் வீட்டுக்குள் ரியோ நெக்ரோவைத்தான் செய்ய முயல்கிறார்கள். ஆனால் அந்தத் திறமை நீண்ட பரிணாமத்தின் சொத்து. இருபது வருடத்தில் வேறொரு மீன் அதைக் கற்றுக்கொள்ளாது.

அதே ஆற்றங்கரை நகரமான மனாவுஸில், அடல்பெர்டோ வால் குழுவினர் அமேசான் ஆய்வு நிறுவனத்தில் வருங்காலக் காற்றை அறைக்குள் அடைத்து மீன் வளர்க்கிறார்கள். வெப்பமும் கார்பன் டை ஆக்சைடும் கூட்டப்பட்ட அறைகள். கார்பன் டை ஆக்சைடு செவுள் வழியாக நேரே இரத்தத்தில் புகுந்து அதைப் புளிக்க வைக்கும். மீன் பைகார்பனேட்டைச் சேர்த்து அதைச் சரிசெய்யும். ஆனால் பதிலுக்குக் குளோரைடை விடவேண்டும். மறுபடியும் உப்பில்தான் பற்று. அவர்கள் சோதித்த தம்பாக்கி மீன், நம் சந்தை ரூப்சந்தின் நெருங்கிய உறவு. ஆக்சிஜன் குறைந்தால் சில மணி நேரத்தில் கீழுதடு வீங்கி நீண்டு, நீரின் மேல்படலத்தை அள்ளிச் செவுளுக்குத் தள்ளும். அப்பேர்ப்பட்ட மீனுக்கே கடுமையான அறையில் எலும்புக் கோளாறுகள் கூடின.

இத்தனை உபாயத்துக்கும் முந்தியது ஒன்றுண்டு: இடம் மாறுவது. மேல்நீர் சூடானால் மீன் ஆழத்துக்குப் போகும். 2023 வறட்சியில் பிரேசிலின் தெஃபே ஏரி வற்றி, மேலிருந்து கீழ்வரை சூடேறி, 40 டிகிரிக்கு வந்தது. போக ஆழமில்லை. 150க்கும் மேற்பட்ட ஆற்று ஓங்கில்கள் இறந்தன. ஓங்கில்கள் காற்றைச் சுவாசிப்பவை, அவற்றுக்கே அந்தக் கதி. அமேசான் ஏரிகளில் மீன்கள் ஆயிரக்கணக்கில் செத்து மிதந்தன. வெப்பமண்டல மீன்கள் ஏற்கெனவே தங்கள் மேல் எல்லையை ஒட்டி வாழ்கின்றன. குளிர்நாட்டு மீனுக்கு இருக்கும் இடைவெளி அவற்றுக்கு இல்லை. நம் ஏரிகளுக்கும் இது பொருந்தும்.

அமிலத்துக்காவது மருந்து உண்டு. அமில மழையால் சால்மன் அழிந்த தெற்கு நார்வே ஆறுகளில் ஆண்டுக்கணக்கில் சுண்ணாம்புப் பொடி தூவினார்கள். அமிலம் தணிந்தது, கால்சியமும் கிடைத்தது, கந்தகப் புகையும் சட்டத்தால் குறைந்தது, மீன் திரும்பியது. சூடான ஆற்றில் தூவ அப்படி ஒரு பொடி கிடையாது. கரையில் நிழல்தரும் மரமும், கோடையில் கொஞ்சம் ஆழமான மடுவும் தவிர நம்மால் உடனே தரக்கூடியது குறைவு.

வீட்டில் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. கத்திரி வெயிலில் மின்சாரம் போய், மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் பசியென்று தீனி போடாதீர்கள். செரிக்கவும் ஆக்சிஜன் வேண்டும். ஒரு குவளையால் தொட்டித் தண்ணீரை மொண்டு, உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டே இருங்கள்.