கரும்புக்கு மேலே ஒரு கிழங்குத் தோட்டம்: ஜமைக்கா அடிமை மக்களின் கதை



தீவுத் தோட்டம்னு சொன்னாலே பலருக்கும் கடற்கரை, தென்னை, விடுதி முற்றத்துப் பூச்செடிகள்தான் நினைவுக்கு வரும். கரீபியக் கடலில் உள்ள ஜமைக்காத் தீவின் தோட்டங்களுக்குப் பின்னால் இருக்கிற கதை வேற. அதை உண்டாக்கினவங்க சொந்தமா ஒரு அடி நிலம்கூட இல்லாதவங்க. நிலம் என்ன, தன் உடம்பே தனக்குச் சொந்தம் இல்லாத அடிமைகள். அவங்க போட்ட தோட்டம்தான் அவங்களுக்குச் சோறு போட்டது, கையில் காசு கொடுத்தது, கடைசியில் சொந்த ஊரையும் கொடுத்தது. இயற்கை வேளாண்மை பேசுகிற நாம் கட்டாயம் தெரிஞ்சுக்க வேண்டிய கதை இது.

சமவெளி கரும்புக்கு, மலை அடிமைக்கு

1655ல் ஆங்கிலேயர்கள் ஸ்பானியர்களிடமிருந்து ஜமைக்காவைப் பிடித்தார்கள். அடுத்த நூறு ஆண்டில் நல்ல சமவெளி நிலம் முழுக்கக் கரும்பு ஏறிவிட்டது. வெட்டவும் ஆலையில் பிழியவும் ஆப்பிரிக்காவிலிருந்து லட்சக்கணக்கான மக்களைக் கப்பலில் அடைத்துக் கொண்டுவந்தார்கள்.

இத்தனை பேருக்குச் சாப்பாடு யார் போடுவது? பார்படோஸ் மாதிரி தட்டையான தீவுகளில் முதலாளிகள் பெரும்பாலும் படி அளந்தார்கள். உப்புக்கருவாடும் சோளமும் வட அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரும். ஜமைக்காவில் மலை அதிகம். கரும்புக்கு ஆகாத அந்தச் சரிவுகளை அடிமைகளிடம் காட்டி, "உன் சாப்பாட்டை நீயே விளைவிச்சுக்கோ" என்றார்கள். முதலாளிக்குச் சாப்பாட்டுச் செலவு மிச்சம்.

வேலை செய்ய நேரம்? ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள். கரும்பு வெட்டு இல்லாத மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை. ஆறு நாள் சாட்டையடிக்கு நடுவே வேலை செய்தவர்கள், ஏழாம் நாள் பல மைல் நடந்து மலை ஏறிப்போய் மண்வெட்டி பிடித்தார்கள். இதில் இனிமை எதுவும் இல்லை. காட்டை வெட்டித் தீயிட்டுத்தான் பயிர் வைத்தார்கள். சரிவில் மண் அரிக்கும், திருட்டும் உண்டு. இத்தனைக்கும் நடுவில்தான் அந்தத் தோட்டம் விளைந்தது.

தோட்டத்தில் என்ன இருந்தது?

ஒவ்வொரு குடும்பத்துக்கும் இரண்டு இடம் இருந்தது. ஒன்று குடிசையை ஒட்டிய வீட்டுத்தோட்டம். இன்னொன்று மலையில் உள்ள உணவுக்காடு.

வீட்டுத்தோட்டத்தில் மிளகாய், கீரை, வெண்டை, மருந்துச் செடிகள், நாலு கோழி, ஒரு பன்றி. கூடவே பழமரங்கள். பாத்திரம் செய்ய ஒரு திருவோட்டு மரம். மலையில் பெரும்பாலும் கிழங்குகள்: வள்ளி வகைகள், சேம்பு, சர்க்கரைவள்ளி, மரவள்ளி. நடுவே வாழை, துவரை, பூசணி.

வெளியிலிருந்து பார்த்த வெள்ளைக்காரனுக்கு இது புதர் மாதிரி தெரிந்தது. கரும்பு வரிசை பார்த்த கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். ஆனா உள்ளே ஒரு கணக்கு இருக்கு. மேல்மட்டத்தில் மரம், அடுத்து வாழை, அதற்குக் கீழே கொழுகொம்பில் ஏறும் வள்ளிக்கொடி, அதற்கும் கீழே சேம்பு, தரையை மூடிப் படரும் சர்க்கரைவள்ளியும் பூசணியும். மழை நேராக மண்ணில் அடிக்காது. வெயிலும் நேராகப் படாது. துவரை தழைச்சத்தைச் சேர்க்கும். ஒன்று போனாலும் இன்னொன்று நிற்கும். மாதம் ஒன்றாவது அறுவடைக்கு வரும். சந்தை விலை விழுந்தாலும் வயிறு காயாது.

வள்ளிக்கிழங்கு எடுக்கும் முறையையும் சொல்லணும். ஜமைக்காவின் மஞ்சள் வள்ளியை முழுதாகப் பிடுங்க மாட்டார்கள். மேட்டு மண்ணைப் பக்கவாட்டில் மெதுவாகப் பறித்து, கிழங்கை வெட்டி எடுத்துவிட்டு, தலைப்பகுதியைக் கொடியோடு மண்ணிலேயே விட்டு மூடிவிடுவார்கள். அந்தத் தலை மறுபடி தழைத்துக் கிழங்கு வைக்கும். உணவும் வந்தது, விதைக்கிழங்கும் வந்தது. விதைக்காக யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை.

விதை எப்படி வந்தது?

அடிமைக் கப்பலில் மூட்டை முடிச்சோடு யாரும் வரவில்லை. ஆனால் வழியில் உணவு கொடுக்கக் கப்பல்காரர்கள் ஆப்பிரிக்கக் கரையிலேயே வள்ளி, தட்டைப்பயறு, சிறுதானியம் எல்லாம் ஏற்றினார்கள். அதில் மிஞ்சியது தீவில் விதையானது. பயிர் மட்டும் வரவில்லை, அதை விளைவிக்கிற அறிவும் அந்த மக்களின் தலைக்குள் வந்தது. எந்தக் கிழங்கை எந்த ஆழத்தில் வைக்கணும், எதை ஊறவைத்துச் சமைக்கணும் என்ற ஞானத்தைச் சங்கிலி போட்டுத் தடுக்க முடியவில்லை.

நம்ம துவரையும் இந்த வழியில் போனதுதான். இந்தியாவில் பிறந்த பயிர். ஆப்பிரிக்காவுக்குப் போய் அங்கிருந்து கரீபியன் சேர்ந்தது. ஜமைக்காவில் அதற்கு 'கங்கோ பட்டாணி' என்று பெயர். கிறிஸ்துமஸ் விருந்தில் பச்சைத் துவரை போட்ட சோறு இல்லாமல் இருக்காது.

மலைக்குத் தப்பி ஓடியவர்களும் உண்டு. மரூன்கள் என்று பெயர். அவர்களின் தலைவி நானி பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஆங்கிலப் படை சுற்றி வளைத்ததில் கூட்டமே பட்டினி. சரணடையலாம் என்று நானி நினைத்த இரவில், முன்னோர்கள் கனவில் வந்து இன்னும் ஒரு நாள் பொறு என்றார்களாம். காலையில் பார்த்தால் மடியில் பூசணி விதை. மலைச்சரிவில் போட்டதும் கொடி ஓடிக் காய்த்தது, கூட்டம் பிழைத்தது. அந்த மலைக்குப் பூசணி மலை என்றே பெயர். கதை எப்படியோ, அந்த மக்கள் தங்கள் வெற்றியை ஆயுதத்தின் பேரில் மட்டும் எழுதிக்கொள்ளவில்லை, விதையின் பேரிலும் எழுதிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுச் சந்தை

சாப்பிட்டது போக மிச்சம் இருந்தது. பெண்கள் கூடையில் தலைச்சுமையாக எடுத்துக்கொண்டு ஞாயிற்றுச் சந்தைக்குப் போனார்கள். கிழங்கு, பழம், கோழி, முட்டை, பின்னிய கூடை எல்லாம் விற்றார்கள். வெள்ளைக்காரக் குடும்பங்களே காய்கறிக்கு அடிமைகளின் சந்தையை நம்பி இருந்தன. எட்வர்ட் லாங் என்கிற தோட்ட முதலாளி 1774ல் ஜமைக்கா வரலாறு எழுதினார். தீவில் புழங்கிய காசில் ஐந்தில் ஒரு பங்கு அடிமைகள் கையில் இருப்பதாக அவரே கணக்குப் போட்டிருக்கிறார். இத்தனைக்கும் அவர் அடிமை முறையை ஆதரித்தவர்.

சட்டப்படி மலைத்தோட்டம் முதலாளியுடையது. நடைமுறையில், அடிமை செத்தால் தோட்டம் அவர் பிள்ளைக்கோ உறவுக்கோ போகும். முதலாளிகள் அதில் தலையிடவில்லை. தன் கையால் திருத்திய நிலம் தன்னுடையது என்ற எண்ணம் சட்டத்தை மீறி வேர்விட்டது.

பஞ்சமும், கப்பலில் வந்த மரமும்

1775ல் அமெரிக்காவில் சுதந்திரப் போர் தொடங்கியதும் அங்கிருந்து வந்த உணவுக் கப்பல்கள் தடைபட்டன. 1780க்குப் பிறகு புயல் மேல் புயல். வாழை எல்லாம் படுத்துவிட்டது. 1780 முதல் 1787 வரை ஜமைக்காவில் மட்டும் பட்டினியாலும் அது கொண்டுவந்த நோயாலும் சுமார் 15,000 அடிமைகள் செத்ததாகத் தீவின் சட்டமன்றமே கணக்குச் சொன்னது.

இதற்கு முதலாளிகள் என்ன செய்திருக்கணும்? கரும்பைக் கொஞ்சம் குறைத்து உணவுப் பயிருக்கு நிலமும் நேரமும் கொடுத்திருக்கணும். அது மட்டும் நடக்கவில்லை. நிலமும் கேட்காத, ஆளும் கேட்காத ஒரு மரத்தைத் தேடினார்கள். பசிபிக் கடலில் தஹிதித் தீவில் இருந்த கறிப்பலா கண்ணில் பட்டது. நாம் சீமைப்பலா என்றும், இலங்கையில் ஈரப்பலா என்றும் சொல்வதுதான்.

கறிப்பலாவில் நல்ல ரகத்துக்கு விதை கிடையாது. வேரிலிருந்து கிளம்பும் கன்றைத்தான் நடணும். அதனால் உயிருள்ள கன்றையே உலகத்தைச் சுற்றிக் கொண்டுவர வேண்டியிருந்தது. 1787 டிசம்பரில் வில்லியம் பிளை தலைமையில் பவுண்டி என்ற கப்பல் கிளம்பியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கன்றுகளோடு திரும்பும்போது, 1789 ஏப்ரல் 28 அன்று மாலுமிகள் கலகம் செய்து பிளையைப் படகில் இறக்கிவிட்டு, கன்றுகளைக் கடலில் வீசினார்கள். பிளை உயிர் தப்பி ஊர் சேர்ந்து, இரண்டாம் முறையும் போனார். 1793 ஜனவரியில் செயின்ட் வின்சென்ட் தீவிலும், பிப்ரவரியில் ஜமைக்காவிலும் கறிப்பலா இறங்கியது.

அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த மரத்தின் காயை அடிமைகள் சாப்பிடவில்லை! பன்றிக்குப் போட்டார்கள். காரணம் எளிது. அவங்களுக்கு வள்ளியும் வாழையும் இருந்தது. அது அவங்க தேர்ந்தெடுத்த உணவு. மேலே இருப்பவன் "இதைத் தின்னு" என்று இறக்கியதை நாக்கு ஏற்கவில்லை. ஒரு தலைமுறைக்கு மேல் கழித்து, மக்களே அதைத் தங்கள் முற்றத்தில் நட்டு, தங்கள் பக்குவத்தில் சுட்டுத் தின்னப் பழகினபிறகுதான் கறிப்பலா ஜமைக்கா உணவானது. இன்று அது இல்லாத முற்றம் குறைவு.

அக்கி என்கிற ஆப்பிரிக்கப் பழமரத்தையும் பார்க்கணும். 1778 வாக்கில் அடிமைக் கப்பலில் வந்தது. காய் தானாக வெடித்துத் திறக்கும் முன்னே பறித்துத் தின்றால் கடும் நஞ்சு. அந்தப் பக்குவம் தெரிந்த மக்கள் அதை வளர்த்தார்கள். இன்று ஜமைக்காவின் தேசியப் பழம் அதுதான். வேடிக்கை என்னன்னா, தாவரவியல் அந்த மரத்துக்குத்தான் பிளையின் பேரை வைத்திருக்கிறது: பிளிகியா சாப்பிடா. அவர் அதன் மாதிரியை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார் என்பதற்காக. அதைக் காப்பாற்றி வளர்த்தவர்கள் பேர் எங்கேயும் இல்லை.

தொப்புள்கொடி மரம்

1838 ஆகஸ்ட் 1 அன்று முழு விடுதலை வந்தது. உடனே முதலாளிகள் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் வாடகை கேட்டார்கள். கரும்பு வேலைக்கு வராதவர்களைக் காலி செய்தார்கள். சில இடங்களில் அவர்கள் வைத்த பழமரங்களையே வெட்டிப் போட்டார்கள். தோட்டம் இருக்கும்வரை இவன் கூலிக்கு வரமாட்டான் என்று முதலாளிக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

ஆனால் மக்கள் கையில் சந்தைக் காசு இருந்தது. தேவாலயங்களின் துணையோடு மலைப்பகுதியில் நிலம் வாங்கி, துண்டு துண்டாகப் பிரித்து, சுதந்திர ஊர்களை உண்டாக்கினார்கள். 1835ல் தொடங்கிய ஸ்லைகோவில் அதில் முதல் ஊர். அடிமைக்காலத்துத் தோட்டம்தான் விடுதலைக்கு முன்பணம் கட்டியது.

அந்த ஊர்களில் குடும்ப நிலம் என்று ஒரு வழக்கம் வந்தது. வாங்கின தாத்தாவின் வாரிசுகள் அனைவருக்கும் அதில் உரிமை உண்டு, யாரும் தனியாக விற்கக்கூடாது. குழந்தை பிறந்தால் தொப்புள்கொடியைப் புதைத்து அதன்மேல் ஒரு மரக்கன்று வைப்பார்கள். அது அந்தப் பிள்ளையின் மரம். முன்னோர் கல்லறையும் அதே மண்ணில். விற்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள், விற்கக்கூடாத நிலம் ஒன்றை உண்டாக்கிக்கொண்டார்கள்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

ஒன்று: பணப்பயிர் வைக்கலாம், ஆனால் வீட்டுச் சாப்பாட்டுக்கான நிலத்தை முதலில் ஒதுக்கணும். கால் ஏக்கரோ பத்து சென்ட்டோ, அது உங்கள் கோட்டை.

இரண்டு: கிழங்கை மறக்காதீங்க. புயலில் வாழை சாயும், தென்னை முறியும். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கைக் காற்று தொடாது. தென்மாவட்டங்களில் பொங்கலுக்கு மட்டும் வாங்குகிற சிறுகிழங்கு, சேம்பு, வள்ளியை வேலியோரத்தில் நட்டுவிட்டால் வருஷம் பூரா கைகொடுக்கும்.

மூன்று: விதைக்கிழங்கும் விதையும் வீட்டில் இருக்கணும். எடுக்கும்போதே அடுத்த பட்டத்துக்கு ஒதுக்கி வையுங்கள்.

நான்கு: ஈரமான பகுதிகளில் ஒரு கறிப்பலா வையுங்கள். குமரி மாவட்ட வீட்டுத்தோட்டங்களில் இன்றும் நன்றாகக் காய்க்கிறது. தாய்மரத்தின் மேல்வேரை லேசாகக் காயப்படுத்தினால் கன்று கிளம்பும். அதை வேரோடு பிரித்து நிழலில் தேற்றி நடலாம்.

ஐந்து: எந்தப் பயிரை, எந்தச் சத்துணவை, எந்தத் திட்டத்தை மேலே இருந்து இறக்கினாலும் ஒரு கேள்வி கேளுங்கள். இது நிலத்தையும் நேரத்தையும் உழவனிடம் கொடுக்கிறதா, இல்லை அதைக் கொடுக்காமல் இருப்பதற்கு ஒரு சாக்கா? 1793ல் அந்தக் கேள்விக்கு ஜமைக்கா மக்கள் பன்றிக்குப் போட்டே பதில் சொன்னார்கள்.

வர்ற ஆடிப்பட்டத்துக்குள் உங்கள் நிலத்தில் சோத்துக்கான இடம் எது என்று அளந்து கயிறு கட்டி வையுங்கள்.