எரிந்தது ஸ்பீக்கர், எரித்தது எது?



போன வைகாசி மாதம் எங்கள் தோட்டத்திலிருந்து ஒரு வேனில் வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலுக்குப் போனோம். வவுனியா தாண்டி, மாங்குளத்தில் திரும்பி, ஒட்டுசுட்டான் வழியாகத் தண்ணீரூற்றுக்குப் போய்ச் சேர்ந்தோம். 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய சொந்தக்காரர் வீடு அங்கே இருக்கிறது.

வழியெல்லாம் பாட்டுத்தான். தண்ணீரூற்றுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது வேனில் ஒரு கருகல் மணம். அதோடு சப் வூபர் சத்தம் நின்றுவிட்டது. வேன் ஓட்டிய தம்பியின் முகம் வாடிப்போனது. "சேர், இது ரெண்டாவது. அம்மா சீட்டு எடுத்த காசுல வாங்கினது" என்றான். அவன் அம்மா கொழுந்து எடுப்பவர். முதலாவது எரிந்தபோது, விற்ற கடையில் "இது எரிஞ்சு போச்சு, வேற வாங்குங்க" என்று மட்டும் சொன்னார்களாம். ஏன் எரிந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

தண்ணீரூற்றில் ரேடியோ திருத்தும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனோம். 1990க்குப் பின் பல வருடம் வன்னிக்குப் பொருளாதாரத் தடை இருந்தது. பெட்டரி கிடைக்காது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட காலம் அது. அந்தக் காலத்தில் தொழில் பழகியவர், எதையும் லேசில் வீசமாட்டார். அவர் பார்த்த விதத்தை நம் பிள்ளைகளும் தெரிந்துகொள்வது நல்லது.

பார்க்கும் முறை

1. முதலில் பியூஸைப் பாருங்கள். அது போயிருந்தாலும் சத்தம் வராது. பியூஸ் சரியென்றால் செட்டை நிறுத்தி, சப் வூபர் வயரைக் கழற்றி, அதே வயரில் வேறொரு நல்ல ஸ்பீக்கரை மாட்டி மெதுவாகப் போட்டுப் பாருங்கள். சத்தம் வந்தால் பிழை சப் வூபரில். வராவிட்டால் அம்ப், வயர் இரண்டில் ஒன்றில். அம்பில் சிவப்பு லைட் எரிந்து, ஸ்பீக்கர் வயரைக் கழற்றியதும் அது அணைந்தால், ஸ்பீக்கரிலோ அதன் வயரிலோ ஷோர்ட் இருக்கிறது.

2. மணந்து பாருங்கள். உள்ளே காந்தத்தின் நடுவில் செப்புக்கம்பிச் சுருள் இருக்கிறது. அதைத்தான் கொயில் என்கிறோம். அதன் வார்னிஷ் கருகினால் மணம் பல நாள் போகாது.

3. இரண்டு கை விரல்களாலும் கோனைச் சமமாக, மெதுவாக அமுக்குங்கள். வழுக்கிக்கொண்டு போய்வர வேண்டும். கரகரவென்று உரசினாலோ, அசையாமல் இறுகியிருந்தாலோ கொயில் வெந்து உருமாறிவிட்டது.

4. வயரைக் கழற்றிவிட்டு மீட்டரில் ஓம் அளவு பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் ஏறக்குறைய 3 முதல் 4 வரை காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் எங்கேயோ அறுந்திருக்கிறது. அவசரப்பட வேண்டாம்: கோனுக்குப் போகும் பின்னல் வயர் மட்டும் அறுந்திருக்கலாம். அதை ஈயம் வைத்து ஒட்டலாம். 1 ஓமுக்குக் கீழே, பூச்சியத்துக்குக் கிட்டக் காட்டினால் கொயில் ஷோர்ட். அதைத் திரும்ப மாட்டாதீர்கள், அம்பும் போய்விடும். இரண்டு கொயில் உள்ளதென்றால் தனித்தனியாக அளக்க வேண்டும்.

மீட்டர் இல்லையா? 1.5 வோல்ட் டோர்ச் பெட்டரி ஒன்றை ஸ்பீக்கர் முனைகளில் ஒரு கணம் தொட்டு எடுங்கள். 'டுக்' என்று கோன் துள்ளினால் கொயில் அறவில்லை. வாகன பெட்டரியால் இதைச் செய்யவே கூடாது. 4 ஓம் கொயிலில் 12 வோல்ட் கொடுத்தால் 36 வாட்ஸ் விடாமல் ஏறும், நல்ல கொயிலும் கருகும்.

எங்கள் சப் வூபர் உரசியது, மீட்டரிலும் ஒன்றும் காட்டவில்லை. "ஓம் காட்டேல்லையா ஐயா?" என்று தம்பி கேட்டான். "ஓம்" என்றார் பெரியவர். எல்லாரும் சிரித்தோம். பிறகு அவர் சொன்னதுதான் முக்கியம்: "தம்பி, உது கொயில் போயிட்டுது. ஆனா ஏன் போனது எண்டு பாக்காமப் புதுசு வாங்கினியெண்டா, அதுவும் போகும்."

ஏன் எரிகிறது?

ஸ்பீக்கருக்குப் போகும் மின்சாரத்தில் மிகச் சிறு பங்குதான் சத்தமாகிறது. மீதியெல்லாம் சூடு. அம்பால் முடிந்த அளவுக்கு மேல் சத்தம் கேட்டால், அது ஒலி அலையின் உச்சியை வெட்டித் தட்டையாக அனுப்பும். சத்தம் பெரிதாகக் கூடாது, கரகரக்கும். கொயிலில் ஏறும் சூடு மட்டும் கூடும்.

பெரியவர் வேனைப் பார்த்தார். என்ஜின் ஓடும்போது பெட்டரியில் 14 வோல்ட் இருந்தது. மற்ற ஸ்பீக்கர்களைப் போட்டுச் சத்தம் கூட்டியதும் அம்பில் 11 கூட இல்லை. எர்த் வயர் மெல்லியது. அதைப் பெயின்ட் மேலேயே ஆணியடித்த மாதிரி இறுக்கியிருந்தார்கள். உள்ளே துரு. அம்புக்குச் சாப்பாடு போகவில்லை. சத்தம் பத்தாதென்று தம்பி கெயின் குமிழை முழுதாகத் திறந்துவைத்திருந்தான். கெயின் என்பது சத்தம் கூட்டும் குமிழ் அல்ல; செட்டுக்கும் அம்புக்கும் அளவு பொருத்தும் குமிழ்.

"பெரிய அம்ப் போட்டா சரியாயிடுமா?" என்று தம்பி கேட்டான். அதே வயரில் பெரிய அம்ப் போட்டால் பட்டினி இன்னும் கூடும் என்றார்.

கவனிக்க வேண்டியவை

• பெட்டரி வயரும் எர்த் வயரும் ஒரே தடிப்பில், அம்புக்குப் போதுமானதாக இருக்கட்டும். எர்த் போடும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி இரும்பில் இறுக்குங்கள். பெட்டரிக்குப் பக்கத்தில் பியூஸ் கட்டாயம். இல்லாவிட்டால் வயர் உரசி வேனே எரியலாம்.

• பெட்டியில் 1,000 வாட்ஸ் என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். ஆர்.எம்.எஸ். என்று போட்டிருக்கும் அளவே விடாமல் தாங்கும் அளவு.

• இரண்டு 4 ஓம் ஸ்பீக்கரைப் பக்கம் பக்கமாகச் சேர்த்தால் 2 ஓம் ஆகும். உங்கள் அம்ப் அதைத் தாங்குமா என்று பார்த்து மாட்டுங்கள்.

• கரகரத்தாலோ கருகல் மணம் வந்தாலோ உடனே குறையுங்கள். என்ஜினை நிறுத்திவிட்டு இரவெல்லாம் போடாதீர்கள்.

• வீட்டில் 230 வோல்ட்டில் ஓடும் அம்பை நீங்களே திறக்க வேண்டாம். தெரிந்தவரிடம் கொடுங்கள்.

தம்பி புது சப் வூபர் வாங்கவில்லை. கொயிலைத் திரும்பச் சுற்றி, வயரை மாற்றி, கெயினைக் குறைத்தான். தீபாவளியும் போய்விட்டது, இன்னும் பாடுகிறது. லயத்துப் பக்கம் வரும்போது சத்தத்தையும் குறைக்கிறான். கைப்பிள்ளைக்காரிகளுக்கு அதுவும் ஒரு சந்தோஷம்.

பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்குவதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்தக் காசு கூடை சுமந்த காசு. ஒரு சாமான் பழுதானால் "எரிஞ்சு போச்சு" என்ற சொல்லோடு நிற்காமல், "ஏன் எரிஞ்சது?" என்று கேட்டுவிட்டு அடுத்த சீட்டுக் காசை எடுங்கள்.