சுயாதீன விஞ்ஞானியும் எண்ணெய்க் கம்பனியும்: ஜேம்ஸ் லவ்லொக் பற்றிய ஒரு குறிப்பு

சூழலியற் சிந்தனையின் முன்னோடிகளுள் ஒருவராகப் போற்றப்படும் பிரித்தானிய விஞ்ஞானி ஜேம்ஸ் லவ்லொக் (1919-2022), ஷெல் எண்ணெய்க் கம்பனியின் நீண்டகால ஆலோசகருமாவார். இதனைக் கொண்டு அவரை விலைபோனவரென ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின் இங்கு எழும் பிரச்சினை தனிமனித ஒழுக்கம் பற்றியதன்று. விஞ்ஞான அறிவு எத்தகைய சமூக உறவுகளுக்குள் உற்பத்தியாகின்றது என்பது பற்றியதாகும்.

1957இல் லவ்லொக் உருவாக்கிய இலத்திரன் கவர் உணர்கருவி, மிக நுண்ணிய அளவிலுள்ள பீடைநாசினி எச்சங்களையும் கண்டறிய வல்லது. 1960களில் அவர் நிரந்தர உத்தியோகத்தைத் துறந்து, விற்சயர்க் கிராமமொன்றில் தம் இல்லத்திலேயே ஆய்வுகூடம் அமைத்துக்கொண்டார். பல்கலைக்கழகத்துக்கோ அரச மானியக் குழுவுக்கோ பதில்கூற வேண்டாத சுதந்திரத்தை அவர் நாடினார். அச்சுதந்திரத்துக்கும் பணம் வேண்டும். அதனை அளித்தோருள் ஷெல்லும் ஒன்று.

அக்கம்பனியின் ஆராய்ச்சிக்குப் பொறுப்பாயிருந்த றொத்சைல்ட் பிரபு, எரிபொருள்களின் எரிப்பினால் உலக வளிமண்டலத்துக்கு விளையக்கூடியவற்றை ஆராயுமாறு அவரைக் கேட்டார். 1966இல் லவ்லொக் அதுபற்றி அறிக்கை எழுதினார். பெரும்பாலான அரசுகள் இக்கேள்வியைப் பொருட்படுத்தாத காலம் அது. கம்பனியின் தொலைநோக்கை நாம் மறுக்கவேண்டியதில்லை. ஆனால், வளிமண்டலம் அனைவர்க்கும் பொதுவாயினும் அதுபற்றிய விடை, கேட்டவரின் உடைமையாயிற்று.

குளோரோபுளோரோகாபன் விடயம் வேறுவகையானது. 1971-72இல் ஷாக்கிள்ரன் கப்பலில் அந்தாட்டிக்கா வரை எடுத்த அளவீடுகளின் மூலம் இவ்வாயுக்கள் வளியிற் பரவியிருத்தலை நிறுவிய லவ்லொக், 1973இல் அவற்றால் ஆபத்தில்லை என எழுதினார். மறு ஆண்டே மொலினாவும் றோலண்டும் அவை ஓசோன் படையைச் சிதைக்கக்கூடியன எனக் காட்டினர். தம் கூற்றுத் தவறென லவ்லொக் பின்னர் ஒப்புக்கொண்டார். இத்தவறுக்கு எண்ணெய்ப் பணத்தைக் காரணங்காட்டுதல் நியாயமன்று.

புவியைத் தன்னைத்தானே சீராக்கும் தொகுதியாகக் காணும் 'கையா' கருதுகோளை 1975இல் 'நியூ சயன்ரிஸ்ற்' வாசகருக்கு அவர் விளக்கியபோது, உடன் எழுதியவர் ஷெல் விஞ்ஞானி சிட்னி எப்ரன். சீராக்கம் என்னும் அக்கருத்தில், மாசினைப் புவியே சமாளித்துக்கொள்ளும் என்ற ஆறுதலைக் காண்பது தொழிலதிபர்க்குக் கடினமன்று. அதே கருதுகோளை அடிப்படையாகக் கொண்டே, புவி வெப்பமடைதல் பற்றிய கடும் எச்சரிக்கையை 2006இல் லவ்லொக் நூலாக வெளியிட்டார். அது ஷெல்லுக்காகவன்றிப் பொதுவாசகருக்காக எழுதப்பட்டது.