நியூட்டனுக்கு அடங்காத விண்கலங்கள்

1980, 90களில் வந்த விண்வெளிப் போர் விளையாட்டுகளை இன்று தேடிப்பிடித்து விளையாட நினைப்பவருக்கு எதை எடுப்பது என்ற குழப்பம் வரும். எல்லா அட்டையிலும் ஒரு விண்கலம், ஒரு லேசர், ஒரு வெடிப்பு. படத் தரத்தை வைத்தும் முடிவு செய்ய முடியாது. இன்றைய கண்ணுக்கு அத்தனையும் பழசு. ஆனால் ஒரே ஒரு கேள்வி இவற்றைத் தெளிவாகப் பிரித்துக் காட்டிவிடும். என்ஜினை அணைத்தால் கலம் என்ன செய்கிறது?

நிஜ விண்வெளியில், நியூட்டனின் முதல் விதிப்படி, அதற்கு ஒரே விடைதான்: போய்க்கொண்டே இருக்கும். உராய்வதற்குக் காற்று இல்லை. நிறுத்த வேண்டுமென்றால், வேகமெடுக்க எவ்வளவு உந்தினோமோ அவ்வளவும் எதிர்த்திசையில் உந்தியாக வேண்டும். மூக்கைத் திருப்பினால் கலம் பார்க்கும் திசை மாறுமே தவிர, போகும் திசை மாறாது.

விண்வெளி விளையாட்டுகள் தொடங்கியதே இந்த விதியிலிருந்துதான். 1962இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் பிடிபி-1 கணினியில் உருவாக்கிய 'ஸ்பேஸ்வார்' விளையாட்டில் இரண்டு கலங்கள், நடுவில் ஒரு விண்மீன். கலங்கள் நிலைமத்தோடு வழுக்கிச் செல்லும். விண்மீன் அவற்றை ஈர்க்கும். ஏவப்படும் குண்டுகளுக்கு மட்டும் ஈர்ப்பு கிடையாது. அதையும் சேர்த்துக் கணக்கிட அந்த இயந்திரத்துக்குத் திராணி இல்லை.

பிறகு விண்கலங்கள் விமானங்களாக மாறின. காரணம் சினிமா. 1977இல் வெளியான 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் சண்டைக் காட்சிகளைத் திட்டமிட, இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் இரண்டாம் உலகப் போரின் விமானச் சண்டைப் படத்துண்டுகளைத் தொகுத்து மாதிரியாக வைத்துக்கொண்டார். அதனால்தான் அந்தக் கலங்கள் காற்றில்லா வெளியிலும் இறக்கையைச் சாய்த்துத் திரும்புகின்றன. 1993இல் லூகாஸின் நிறுவனம் 'எக்ஸ்-விங்' விளையாட்டை வெளியிட்டபோது அதை வடிவமைத்தவர்களில் முதன்மையானவர் லாரன்ஸ் ஹாலண்ட். அதற்கு முன்பு அவர் செய்தவை இரண்டாம் உலகப் போர் விமான விளையாட்டுகள். எக்ஸ்-விங்கிலும் அடுத்த ஆண்டு வந்த 'டை ஃபைட்டர்' விளையாட்டிலும் இல்லாத காற்று இருப்பதுபோலவே கலங்கள் பறக்கும். திரும்பினால் பாதையும் திரும்பும்; என்ஜினை அணைத்தால் நின்றுவிடும்.

இது அறியாமை அல்ல, தெரிந்தே செய்த தேர்வு. ஏன் என்று புரிய இங்கிலாந்துக்குப் போக வேண்டும். கேம்பிரிட்ஜ் மாணவர்களாக இருந்த டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் 1984இல் 'எலீட்' விளையாட்டை எழுதினார்கள். 32 கிலோபைட் நினைவகம் கொண்ட பிபிசி மைக்ரோ கணினிக்குள் எட்டு விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 உலகங்கள். அத்தனையையும் சேமித்து வைக்க இடமில்லாததால், சூத்திரத்தின் மூலம் அவ்வப்போது உருவாக்கினார்கள். அதில் கலங்கள் விமானம்போலத்தான் பறந்தன. 1993இல் அதன் அடுத்த பாகமான 'ஃப்ரான்டியர்' வெளிவந்தபோது பிரேபன் நியூட்டனை முழுமையாக உள்ளே விட்டார். பயணம் பிரமாதமாக இருந்தது. சண்டை சொதப்பியது.

சிறு கணக்கு ஒன்று போட்டால் காரணம் விளங்கும். உங்கள் துப்பாக்கி 10 கிலோமீட்டர் எட்டும் என்று வைத்துக்கொள்வோம். எதிரி உங்களை நோக்கி நொடிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறான். எட்டும் தொலைவுக்குள் நுழைந்து, உங்களைக் கடந்து, வெளியேற ஒரே நொடிதான். அப்புறம் இருவரும் வேகத்தைக் குறைத்துத் திரும்பிவர வேண்டும். மறுபடி ஒரு நொடி. காற்றின் தடை இருக்கும்போதுதான் ஒருவர் வாலை ஒருவர் பிடிக்கும் துரத்தல் சாத்தியம்.

1997இல் வந்த 'இண்டிபென்டன்ஸ் வார்' இதற்கு ஒரு நடுவழி கண்டது. கலத்தில் பறப்புக் கணினி ஒன்று இருக்கும். நீங்கள் திரும்பும் பக்கமெல்லாம் தேவையான எதிர் உந்துதலை அதுவே கொடுத்துச் சமாளிக்கும். அதை அணைத்துவிட்டால் சுத்தமான நியூட்டன். பவுடர் தூவிய கேரம் பலகையில் ஓடும் காய்போலக் கலம் வழுக்கும். அந்த நிலையில் முன்னோக்கிப் பாய்ந்துகொண்டே மூக்கைப் பின்னால் திருப்பி, துரத்துபவனைச் சுடலாம். விமானத்தால் செய்ய முடியாத வித்தை இது.

இந்த வரிசையிலிருந்து விலகி நிற்பது 1995இல் வந்த 'டிசென்ட்'. களம் திறந்த வெளி அல்ல. வேற்றுக் கிரகச் சுரங்கங்கள். முன்பின், இடவலம், மேல்கீழ் என மூன்று நகர்வுகள். குனிதல், திரும்புதல், உருளுதல் என மூன்று சுழற்சிகள். ஆறும் உங்கள் கையில். 1993இன் புகழ்பெற்ற 'டூம்' விளையாட்டில் ஓர் அறைக்கு மேல் இன்னோர் அறை கட்ட முடியாது. டிசென்ட் சுரங்கங்களோ உண்மையான முப்பரிமாணம். வளைத்து நெளித்த கனசதுரங்களை ஒன்றோடொன்று ஒட்டி அவற்றைக் கட்டினார்கள். திறந்த முகங்களின் வழியே கண்ணுக்குத் தெரியும் கனசதுரங்களை மட்டும் வரைந்தால் போதும் என்பதால், அன்றைய 486 கணினியே அதற்குத் தாங்கியது.

அதைத் தாங்காதது சிலருடைய தலைதான். உள்காதில் இருக்கும் மூன்று அரைவட்டக் குழல்கள் சுழற்சியை உணர்கின்றன. அவற்றை ஒட்டிய செவிக்கல் உறுப்புகள் நேர்கோட்டு முடுக்கத்தையும் புவியீர்ப்பின் திசையையும் உணர்கின்றன. டிசென்டில் தலைகீழாகப் புரளும்போது கண் "சுழல்கிறோம்" என்கிறது, காது "நாற்காலியில்தான் இருக்கிறோம்" என்கிறது. இந்த முரண்தான் குமட்டலுக்குக் காரணம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். கலத்தைத் தானாகவே நிமிர்த்தும் வசதி விளையாட்டிலேயே உண்டு. திரையிலிருந்து சற்றுத் தள்ளி உட்கார்வதும், அறை விளக்கைப் போட்டுக்கொள்வதும், சிறுசிறு அமர்வுகளாக விளையாடுவதும் உதவும்.

ஆக, எதை எடுக்கலாம்? கதையும் துரத்தலும் வேண்டுமென்றால் டை ஃபைட்டர். அதே விமானப் பாணியில் இன்னும் பெரிய போர்கள் வேண்டுமென்றால் 1999இன் 'ஃப்ரீஸ்பேஸ் 2'. அதன் மூல நிரல் 2002இலேயே வெளியிடப்பட்டதால், ரசிகர்கள் மெருகேற்றிய வடிவம் இன்றைய கணினிகளில் ஓடுகிறது. ஜாய்ஸ்டிக் இல்லாமல் கீபோர்டு மட்டும் வைத்திருந்து, தலைசுற்றலும் வராதவருக்கு டிசென்ட். வர்த்தகமும் நெடும்பயணமும் பிடித்தவருக்கு எலீட் அல்லது ஃப்ரான்டியர். டாஸ் இயங்குதளக் காலத்து விளையாட்டுகளை ஓட்ட டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருள் உண்டு.

வீட்டில் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் படிக்கும் பிள்ளை இருந்தால் இண்டிபென்டன்ஸ் வாரைக் கொடுத்து, பறப்புக் கணினியை அணைக்கச் சொல்லுங்கள். கலத்தை ஓர் இடத்தில் நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். மனப்பாடம் செய்த முதல் விதி என்ன சொல்கிறது என்பது நாலு முறை இடம் தாண்டி வழுக்கியதும் விளங்கிவிடும்.